தளம் போடும் முன்பே முடிவெடுக்க வேண்டியவை: சொந்தமாகக் கட்டும் வீட்டுக்குத் திருட்டு அலாரமும் தீ அலாரமும்

திருநெல்வேலிப் பக்கத்தில் சொந்தமாக நின்று வீடு கட்டுகிறவர்களில் பெரும்பாலோர், மின்விசிறி எங்கே, ஏசி எங்கே, மோட்டார் சுவிட்ச் எங்கே என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறார்கள். அலாரத்தைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும், "அதெல்லாம் பிறகு பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்ற பதில் வருகிறது, நாமும் தலையாட்டிவிடுகிறோம். பால் காய்ச்சிக் குடியேறிய பிறகு புதுப் பூச்சில் குழாய் பதிக்கக் காடி வெட்ட மனம் வராது. சுவரின் மேல் பட்டைக் குழாய் ஓடுவதை வீட்டில் யாரும் விரும்பமாட்டார்கள். கடைசியில் பேட்டரியில் ஓடும் கருவிகள் நான்கைந்தை வாங்கி ஒட்டுவோம். பேட்டரி தீர்ந்த அன்றோடு அந்தக் கதை முடிந்துவிடும். கூரைத் தளம் போடும் முன்பே குழாய்களைப் பதித்துவிட்டால், அப்போதைக்கு ஆகும் செலவு குழாயும் பெட்டியும் ஓரிரு நாள் கூலியும்தான். கருவிகளை ஓராண்டு கழித்துக்கூட வாங்கிப் பொருத்தலாம். குழாயை அப்படித் தள்ளிப்போட முடியாது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். திருட்டு அலாரம், தீ அலாரம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோமே தவிர, இரண்டும் வீட்டிடம் கேட்பவை நேர் எதிரானவை. திருடனுக்கு அஞ்சும் வீடு எல்லா வழிகளையும் அடைக்கப் பார்க்கிறது. தீக்கு அஞ்சும் வீட்டில் நள்ளிரவில், புகையில், கண் தெரியாத நிலையிலும் வெளியே போக வழி இருக்க வேண்டும். கம்பி போடாத சன்னலே இல்லாத நம் ஊர் வீடுகளில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. எந்தக் கருவியை வாங்குவது என்பதெல்லாம் இந்த முரணை வரைபடத்திலேயே தீர்த்த பிறகு வரும் கேள்வி.

வரைபடத்தில் இரண்டு நிறக் கோடுகள்

வீட்டு பிளானை இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நகலில், திருடன் வரக்கூடிய வழிகளைச் சிவப்பு மையால் குறியுங்கள். வாசல் கதவும் புறவாசல் கதவும் எல்லோருக்கும் உடனே தோன்றும். மறக்கப்படுவது தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடிக்குப் போகும் மாடிப்படிக் கதவுதான். வடகம் காயப்போடவும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவும் ஏறி இறங்கும் இடம் என்பதால், மெல்லிய கதவும் ஒரு தாழ்ப்பாளும் அங்கே போதும் என்று விட்டுவிடுகிறோம். பக்கத்து வீட்டு மாடி, சன்ஷேடு, சுவரை ஒட்டிய தென்னை, கழிவுநீர்க் குழாய் என்று எதைப் பிடித்தும் அங்கே ஏறிவிடலாம். ஏறியவன் நிதானமாக நின்று கதவை நெம்பினாலும் தெருவில் போகிறவர் கண்ணில் படமாட்டான்.

இரண்டாம் நகலில், ஒவ்வொரு படுக்கையறையிலிருந்தும் தெரு வரைக்குமான வழியை நீல மையால் வரையுங்கள். யார் எங்கே படுப்பார்கள், ஆச்சிக்கு மாடிப்படி இறங்க முடியுமா, இரவில் எந்தக் கதவு எதனால் பூட்டப்படும், அந்தச் சாவி எங்கே இருக்கும் என்பதையெல்லாம் கோட்டின் மேலேயே எழுதுங்கள். எழுதிப் பார்க்கும்போதுதான் பல வீடுகளில் உண்மை தெரியவரும்: தார்சாவின் (முன்தாழ்வாரத்தின்) கம்பிக் கதவுக்கு உள்பக்கம் பெரிய பூட்டு, அதன் சாவி பட்டாசலில் (கூடத்தில்) உள்ள அலமாரிக்குள், அலமாரியின் சாவி தலையணைக்கு அடியில். புகை நிறைந்த வீட்டில் இந்த மூன்று படிகளையும் யாராலும் தாண்ட முடியாது.

இதற்கு இரண்டு திருத்தங்கள் போதும். வாசலிலும் புறவாசலிலும், உள்ளிருந்து சாவியில்லாமல் திருகித் திறக்கும் பூட்டை வைத்து, வெளியிலிருந்து கம்பி வழியாகக் கைவிட்டுத் திருக முடியாதபடி அதைச் சுற்றித் தகடு அடித்துவிடலாம். அடுத்து, கீழ்த்தளத்துப் படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒரு சன்னலின் கம்பியையாவது நிலையாகப் பதிக்காமல், கீல் வைத்துக் கதவுபோல் திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள். உள்பக்கம் பூட்டி, அதன் சாவியை அறைக்குள்ளேயே, சன்னலுக்கு வெளியிலிருந்து எட்டாத ஆணியில், எப்போதும் அதே இடத்தில் மாட்டிவைக்க வேண்டும். வெல்டிங் பட்டறைக்காரருக்கு இது புதிதல்ல, கேட்டால்தான் செய்வார். அப்படிச் செய்யும் கம்பிக்கும் ஓர் உணரி (சென்சார்) தேவைப்படும் என்பதால், அதைச் சிவப்புக் கோட்டு நகலிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீலக் கோடு மாடிப்படியைக் கடக்கும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இன்வெர்ட்டர், அதன் பேட்டரி, மின்பலகை, செருப்பு அடுக்கு, பழைய செய்தித்தாள் கட்டு ஆகிய எல்லாவற்றையும் மாடிப்படிக்கு அடியில் வைப்பது நம் வழக்கம். மின்கசிவால் தீப்பிடிக்க ஏற்ற பொருள்களையும், அது பற்றிக்கொள்ள ஏற்ற பொருள்களையும், மேல்மாடியில் படுத்திருப்பவர் இறங்கிவர உள்ள ஒரே வழியின் அடியில் சேர்த்துவைக்கிறோம். மாடிப்படி புகைபோக்கிபோல் வேலை செய்வதால், கீழே எழும் புகை மேலே இருப்பவர்களைத்தான் முதலில் சேரும். மின்சார ஸ்கூட்டரை வாசற்படி ஓரத்தில் சார்ஜ் போடுவதும் இதே வகைதான்: லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் வாசல் வழி போய்விடும். இன்வெர்ட்டருக்குக் காற்றோட்டமுள்ள வேறு மூலையையும், ஸ்கூட்டருக்கு வாசலை விட்டு விலகிய ஒரு பிளக் பாயிண்டையும் வரைபடத்திலேயே ஒதுக்குவதற்குக் காசு செலவில்லை. என் கணக்கில் அது இரண்டு புகை உணரிகளுக்குச் சமம்.

கான்கிரீட்டுக்கு முந்தின நாள்

அலாரத்துக்கான மேல்தளக் குழாய்களைப் போட வேண்டிய நேரம், கம்பி கட்டி முடிந்து கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள். ஒவ்வொரு அறையின் உள்கூரையிலும் தீ உணரிக்கு ஒரு டீப் பாக்ஸ் (கான்கிரீட்டுக்குள் பதியும் ஆழமான பெட்டி), நடமாட்ட உணரி வரும் மூலைக்கு ஒரு குழாய், கதவு சன்னல்களுக்குச் சுவர் வழியே இறங்கும் குழாய் ஆகியவற்றை, எல்லா உணரிகளின் கம்பிகளும் வந்து சேரும் அலாரப் பெட்டியின் இடத்துக்கு நேராகக் கொண்டுவாருங்கள். 25 மி.மீ. கனக் குழாய் போட்டால் பின்னால் கம்பி இழுப்பவர் உங்களை வாழ்த்துவார். திருப்பங்களில் கூர்மையான எல்போவைத் தவிர்த்து வளைவான பெண்டு போட வேண்டும். இரண்டு பெட்டிகளுக்கு இடையே இரண்டு வளைவுகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இழுப்பதற்கு ஒரு கம்பியை விட்டு, சிமெண்டுப் பால் புகாதபடி வாயை அடைத்துவிடுங்கள்.

அலாரக் கம்பியும் 230 வோல்ட் கம்பியும் ஒரே குழாய்க்குள் போகக் கூடாது. பக்கத்தில் ஓட வேண்டி வந்தால் ஓரடி இடைவெளியாவது இருக்கட்டும். குறுக்கிட்டால் செங்கோணமாகக் குறுக்கிடட்டும். இடம் மிச்சமாகிறதே என்று எலெக்ட்ரீஷியன் இரண்டையும் சேர்த்து இழுக்கப் பார்ப்பார். அன்று விட்டுக்கொடுத்தால், மோட்டார் ஓடும்போதெல்லாம் அலாரம் அலறுவதற்கான காரணத்தை ஆண்டுக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

அறைகளுக்கு அப்பாலும் நான்கு குழாய்களை மறக்கக் கூடாது: வெளிச் சைரனுக்குச் சன்ஷேடின் அடியில் ஒன்று, தெருக் கேட்டுக்கு ஒன்று, தட்டட்டிக்கு ஒன்று, எதிர்காலத்தில் மாடி எடுத்தால் உதவ மேலே நீட்டி மூடிவைத்த ஒன்று. கான்கிரீட் போடும் முன் ஒவ்வொரு அறைத் தளத்தையும் டேப்பை விரித்துவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நான் எடுத்த படங்களில் டேப் இல்லை. விளைவாக, பட்டாசலில் புதைந்துபோன ஒரு பெட்டியைத் தேடி மூன்று இடத்தில் கொத்த வேண்டியதாயிற்று. கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் குழாயின் மேல் நடப்பார்கள், வைப்ரேட்டர் பட்டு இணைப்புகள் கழலும். ஆகவே அன்று நிழலில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல், சென்ட்ரிங் பலகை மேல் ஏறி நில்லுங்கள்.

கதவும் சன்னலும்

கதவுக்கான உணரி மிக எளிமையானது. கதவு நிலையில் ஒரு காந்தச் சுவிட்சும் கதவில் ஒரு காந்தமும் இருக்கும். கதவு திறந்து காந்தம் விலகினால் சுற்று அறுபட்டுப் பெட்டிக்குத் தெரிந்துவிடும். மர நிலையில் வெளியே தெரியாதபடி உள்ளே பதிக்கும் வகையே நல்லது. அதற்கு, நிலை வைக்கும் நாளிலேயே, கீலுக்கு எதிர்ப்பக்க மேல்மூலையில் குழாய் வந்து சேர்ந்திருக்க வேண்டும். மஞ்சள் குங்குமம் வைத்துப் பூசை முடிந்த நிலைக்கட்டையில் பிறகு துளை போடப் பெரியவர்கள் சம்மதிப்பதில்லை. இரும்புக் கம்பிக் கதவில் சாதாரணச் சுவிட்ச் சரிவராது. இரும்பு காந்தப் புலத்தைத் திசைதிருப்பிவிடும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்றில் கதவும் ஆடிக்கொண்டே இருக்கும். இரும்புக் கதவுக்கென்றே, இடைவெளி அதிகம் தாங்கும் கனமான வகை கிடைக்கிறது.

சன்னலில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கோடை இரவில் சன்னலைத் திறந்துபோட்டுத்தான் தூங்குகிறோம். சன்னல் கதவில் காந்தச் சுவிட்ச் வைத்தால், வீட்டில் ஆள் இருக்கும் இரவுகளில் அது பயன்படாது. ஆகவே கம்பியில் அதிர்வு உணரியை வைப்பதே பொருத்தம்: அறுக்கவோ நெம்பவோ முயன்றால் திருடன் உள்ளே வரும் முன்பே அலாரம் ஒலிக்கும். அதன் உணர்வுக் கூர்மையை முதலில் குறைவாக வைத்து, காற்றுக்காலம் ஒன்று கடந்த பின் மெல்லக் கூட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நடமாட்ட உணரியின் எல்லைகள்

பி.ஐ.ஆர். எனப்படும் நடமாட்ட உணரி, அறையின் வெப்பத்துக்கும் அதற்குள் நகரும் உடலின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கிறது. விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இங்கேதான் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள், தளம் முழுதும் வெயில் ஏறி, அறையின் வெப்பம் மனிதத் தோலின் வெப்பத்தை நெருங்கிவிடும். அப்போது உணரிக்கு ஆள் தெரியாமல் போகலாம். வெப்பத்துக்கேற்பத் தன் கூர்மையைக் கூட்டிக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்குவது ஓரளவு உதவும். மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டை உணரி இதற்குத் தீர்வு என்று சிலர் சொல்வார்கள். அதில் இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் அலாரம் அடிக்கும். வெயிலில் ஒன்று கண் மூடினால் மற்றொன்று பார்த்தும் பயனில்லை. தவறான அலாரத்தைக் குறைக்கத்தான் அது நல்லது. எனவே இங்கே கட்டும் வீட்டுக்குக் கதவு, சன்னல் உணரிகளையே முதன்மையாகக் கொண்டு, நடமாட்ட உணரியை இரண்டாம் வரிசையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் முடிவு.

அதைத் தரையிலிருந்து ஏழு, ஏழரை அடி உயரத்தில், அறை மூலையில், திருடன் குறுக்காகக் கடந்துபோகும்படி வையுங்கள். நேராக எதிரே வருபவனைவிடக் குறுக்கே போகிறவன் அதற்கு எளிதாகத் தெரிவான். மேற்குச் சன்னலையோ ஆடும் திரையையோ இன்வெர்ட்டரையோ நோக்கி வைக்க வேண்டாம். பல்லிக்கு நம் வீடுகளில் தனி உரிமை உண்டு. உணரியின் கண்ணாடி மேல் அது ஊர்ந்தாலும் அலாரம் அடிக்கும். கம்பி நுழையும் துளையைச் சிலிக்கான் வைத்து அடைத்தால், எறும்பும் சிலந்தியும் உள்ளே குடியேறுவதைத் தடுக்கலாம். தோட்டத்தில் வைப்பதற்கென்று விற்கப்படும் உணரிகளை, மயிலும் நாயும் விருப்பம்போல் வந்துபோகும் பகுதிகளில் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தீ: எந்த இடத்துக்கு எது

வீட்டுத் தீயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சுடர் அன்று, புகைதான். தூங்குகிறவரை அது எழுப்பாது, மயக்கிவிடும். ஆகவே படுக்கையறை ஒவ்வொன்றிலும், படுக்கையறைகளையும் மற்ற பகுதியையும் இணைக்கும் நடையிலும், மாடிப்படியின் உச்சியிலும் ஒளிவகை (ஃபோட்டோஎலெக்ட்ரிக்) புகை உணரி இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2189 என்ற நெறிமுறை இத்தகைய அமைப்புகளுக்கானது; உங்கள் ஒப்பந்தக்காரருக்கு அதன் பெயராவது தெரிந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

உணரி உள்கூரையின் நடுப்பகுதியில் இருப்பது நல்லது. சுவரும் கூரையும் கூடும் மூலையில் காற்று அசையாமல் நிற்பதால் புகை அங்கே கடைசியாகத்தான் சேரும். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள். ஆனால் நடுவில் மின்விசிறி இருக்கிறதே என்பது நியாயமான கேள்வி. இறகின் வீச்சுக்கு வெளியே மூன்றடி தள்ளி, ஏசியின் காற்று நேராகப் படாத இடமாகப் பார்க்க வேண்டும். இதனால்தான் மின்விசிறிப் பெட்டியின் இடத்தையும் உணரிப் பெட்டியின் இடத்தையும் ஒரே நாளில் குறிக்க வேண்டியிருக்கிறது.

அடுக்களையில் புகை உணரி வைக்காதீர்கள். மிளகாய் வற்றல் வறுக்கும் நாளும் அப்பளம் பொரிக்கும் நாளும் அது அலறும்; மூன்றாம் முறை அலறும்போது வீட்டில் யாராவது ஏணி போட்டு அதைக் கழற்றிவிடுவார்கள், அத்துடன் உண்மையான தீக்கும் காவல் இல்லாமல் போகும். அங்கே வேண்டியது வெப்ப உணரி. ஏறத்தாழ 57 டிகிரி செல்சியஸில் இயங்கும் நிலைவெப்ப வகை அடுக்களைக்குப் போதும். தகரக் கூரை போட்ட மாடியறைக்கு அதைவிட உயர்ந்த அளவுடையதைக் கேட்க வேண்டும். பூசையறையும் இதே கணக்குதான். எங்கள் வீட்டில் நடையின் உணரியைப் பூசையறை வாசலுக்கு நேர் மேலே வைத்துவிட்டு, முதல் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டபோதே பாடம் கற்றோம். இப்போது அது பத்தடி தள்ளி இருக்கிறது, பூசையறைக்குள் வெப்ப உணரி இருக்கிறது. கொசுவர்த்தியைப் படுக்கையறை உணரிக்கு நேர் கீழே ஏற்றுவதையும் விட்டுவிட வேண்டும்.

சமையல் எரிவாயுவுக்குத் தனி உணரி தேவை. சிலிண்டரில் வருவது காற்றைவிடக் கனமானது என்பதால் அது தரையில் படரும். உணரியைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், அடுப்புக்கும் சிலிண்டருக்கும் அருகே வையுங்கள். குழாய்வழி இயற்கை எரிவாயு பிற்காலத்தில் வந்தால், அது காற்றைவிட இலேசானது. உணரி மேலே போக வேண்டும். இரண்டு உயரத்திலும் இப்போதே பெட்டி வைத்துவிடுங்கள். இந்த அலாரம் அடித்தால் எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எரிவாயு அவசர எண்ணை அழைக்க வேண்டும். அதனாலேயே, இந்த அலாரத்தை நிறுத்தும் பொத்தான் அடுக்களைக்கு வெளியே இருக்கட்டும்.

பெட்டி, பேட்டரி, செய்தி

அலாரப் பெட்டியை வாசலிலிருந்து கண்ணில் படாத, ஆனால் உணரிகளின் காவலுக்கு உட்பட்ட உள்ளறையில் வையுங்கள்; அலாரத்தை இயக்கவும் அணைக்கவும் குறியீடு அழுத்தும் பலகை மட்டும் வாசல் அருகே போதும். உயரத்தையும் யோசிக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களின் மழையில் தாமிரபரணி பெருகித் திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதியிலும் வண்ணார்பேட்டையிலும் நீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஆற்றையோ குளத்தையோ ஒட்டிய மனையில் பெட்டியை இடுப்பு உயரத்தில் வைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மின்பலகையிலிருந்து தனி எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வழியாக, சுவிட்சு இல்லாத நேரிணைப்பைக் கொடுங்கள்; பிளக்கில் மாட்டினால் ஒருநாள் அதைப் பிடுங்கிவிட்டு யாராவது கைப்பேசிக்குச் சார்ஜ் போடுவார்கள். சித்திரை மாதத்து மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி மின்னல் கடுமையாக இருப்பதால், மின்பலகையில் மின்னெழுச்சித் தடுப்பானும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும். கேட் வரை நீளும் கம்பி வழியாகவும் இடி உள்ளே வரலாம்.

பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணிப் பேட்டரி போதுமா என்பதை நீங்களே கணக்கிடலாம். பெட்டியும் உணரிகளும் சேர்ந்து 200 மில்லி ஆம்பியர் எடுத்தால், 24 மணி நேரத்துக்கு 4.8 ஆம்பியர்-மணி ஆகும். புதிய பேட்டரி தாங்கும். இரண்டு கோடை கடந்த பேட்டரியில் சைரனுக்கு மிச்சம் இருக்காது. வெப்பம் இந்த வகைப் பேட்டரியின் ஆயுளை வெகுவாகக் குறைக்கும் என்பதால், பெயின்டு மார்க்கரால் மாட்டிய தேதியை அதன் மேலேயே எழுதி, மூன்றாம் ஆண்டில் மாற்றிவிடுங்கள்.

செய்தி சொல்லும் வழி குறித்து இரண்டு எச்சரிக்கைகள். பழைய பெட்டிகளில் 2ஜி சிம் மட்டுமே வேலை செய்யும். ஜியோவில் 2ஜி இல்லை என்பதால் அந்த சிம் அதில் பயன்படாது. 4ஜி பெட்டியாகக் கேட்டு வாங்கி, ரீசார்ஜ் தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். வைஃபை வழியாக மட்டும் செய்தி அனுப்பும் கருவி, மின்சாரம் போனால் ரூட்டரோடு சேர்ந்து ஊமையாகிவிடும். அழைப்பு வரிசையில் முதல் எண், துபாயிலோ சென்னையிலோ இருக்கும் மகனுடையது என்றுதான் பலர் வைக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் வாசலுக்கு வந்து நிற்கக்கூடிய பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணே முதலில் இருக்க வேண்டும். மகன் மூன்றாவதாக இருக்கட்டும். காவல்துறையின் 100, தீயணைப்புத்துறையின் 101, பொது அவசர எண்ணான 112 ஆகியவற்றைப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள். பெட்டி தானாக அவற்றை அழைக்கும்படி வைக்க வேண்டாம்.

மண்டலங்களும் ஓசைகளும்

உணரிகளைப் பிரித்து இணைக்கும் வழிகளுக்கு ஸோன் என்று பெயர். எட்டு ஸோன் பெட்டி போதும் என்று கடையில் சொல்வார்கள். எண்ணிப் பாருங்கள்: வாசல், புறவாசல், தட்டட்டிக் கதவு, சன்னல் கம்பிகள், பட்டாசல் நடமாட்டம், மாடிப்படி நடமாட்டம், புகை, வெப்பம், எரிவாயு, ஆபத்தில் நாமே அழுத்தும் அபாயப் பொத்தான் என்று பத்து ஆகிவிடுகிறது. 16 ஸோன் உள்ளதையே வாங்குங்கள். வாசலுக்கு மட்டும் 30 நொடி தாமதம் கொடுத்து மற்றவற்றை உடனடியாக வையுங்கள். புகை, வெப்பம், எரிவாயு, அபாயப் பொத்தான் ஆகிய நான்கும், அலாரம் அணைத்திருந்தாலும் 24 மணி நேரமும் விழித்திருக்கும் ஸோன்களாக அமைய வேண்டும்.

திருட்டு அலாரப் பெட்டியோடு தீ உணரியை இணைப்பதாயின், 12 வோல்ட்டில் இயங்கும் நான்கு கம்பி, ரிலே உள்ள வகையைக் கேளுங்கள். கடைகளில் எளிதாகக் கிடைப்பது தீ அலாரப் பெட்டிக்கான 24 வோல்ட், இரண்டு கம்பி வகை. அது இதில் பொருந்தாது. கம்பியில் பழுது வந்தால் பெட்டி அறிவதற்காக ஸோன் முடிவில் போடும் மின்தடையைக் கம்பியின் கடைசி உணரிக்குள்தான் போட வேண்டும். வேலை சுருக்கத்துக்காகப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால், இடையில் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் பெட்டிக்குத் தெரியாது. பொருத்தும் நாளில் ஓர் உணரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

திருட்டுக்கும் தீக்கும் ஓசை வேறுபட்டே ஆக வேண்டும். திருடன் என்றால் உள்ளே தாழிட்டுக்கொண்டு சத்தம் போட வேண்டும். தீ என்றால் தாழைத் திறந்துகொண்டு வெளியே ஓட வேண்டும். தூக்கத்தில் விழித்தவர் ஒன்றை மற்றொன்றாக நினைத்தால், செய்வதெல்லாம் தலைகீழாகிவிடும். ஏறி இறங்கும் சைரன் திருட்டுக்கும், விட்டு விட்டு ஒலிக்கும் மணி தீக்கும் என்று பிரித்து, தீ மணி ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும், கதவு சாத்தியிருக்கும்போதும், 75 டெசிபல் அளவுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். ஏசி அறைக்கு உள்ளேயே ஒரு சிறு மணி தேவைப்படலாம்.

அபாயப் பொத்தானை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். 2019 ஆகஸ்டில் கடையம் அருகே கல்யாணிபுரத்தில், வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்த முதியவரை முகமூடிக் கொள்ளையர் தாக்கியபோது, அவரும் அவர் மனைவியும் கையில் கிடைத்த நாற்காலிகளாலேயே அரிவாளோடு வந்தவர்களை விரட்டினார்கள். கேமரா அதைப் பதிவு செய்தது, நாடே பார்த்தது, விரட்டியது என்னவோ நாற்காலிதான். ஆள் விழித்து வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எந்தத் திருட்டு உணரியும் இயங்காது. முகப்பில் உட்காரும் இடத்திலும் படுக்கையின் தலைமாட்டிலும், கை எட்டும் உயரத்தில் ஒவ்வொரு பொத்தான் வையுங்கள்.

பொருத்திய பின்

வண்ணம் பூசி முடியும் வரை புகை உணரியின் தூசி மூடியைக் கழற்றாதீர்கள். மார்பிள் தேய்க்கும் தூசு உள்ளே போனால் அது பிறகு ஒழுங்காக இயங்காது. பொருத்தியவர் கிளம்பும் முன், பெட்டியின் அமைப்புகளை மாற்ற அவர் பயன்படுத்தும் தொழில்நுட்பக் குறியீட்டை உங்கள் எதிரிலேயே மாற்றித் தரச் சொல்லி, ஸோன் பட்டியலையும் கம்பி வரைபடத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் வேலைக்கு வருபவருக்கும் தனித்தனிக் குறியீடு கொடுத்தால், யார் எப்போது அணைத்தார் என்பது பெட்டியில் பதிவாகும்.

மாதம் ஒருமுறை ஒவ்வோர் உணரியையும் சோதியுங்கள். மழைக்காலத்து ஈசல் அடங்கியதும் புகை உணரிகளைத் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யுங்கள். பத்தாண்டு ஆனால் புகை உணரி மாற்றத்துக்குரியது. குடியேறிய முதல் மாதத்தில் ஓர் இரவு, எல்லோரும் படுத்த பிறகு மெயினை அணைத்துவிட்டுத் தீ மணியை ஒலிக்கச் செய்து, ஆச்சி உட்பட எல்லோரும் தெருவுக்கு வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது, சன்னல் கம்பியின் சாவி ஆணியில் இருந்ததா என்று பார்த்துவிடுங்கள். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பும் முன்னும், ஊர்க் கோயில் கொடைக்குப் போகும் முன்னும், தட்டட்டிக் கதவின் ஸோனைத் திறந்து ஒருமுறை சைரனை ஒலிக்கவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசிக்கு அழைப்பு வந்ததா என்று அவரிடமே கேட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிப் போகும் செய்தியைக் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டு வண்டி ஏறுங்கள்.